பாயை விரிக்கச் சொன்ன நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே உங்களுக்கு ஒரு நீலச் சட்டை, ஒரு தொப்பி, கழுத்தில் தொங்கவிட ஒரு விசில் கொடுத்திருப்பார்கள். சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி வெயிலுக்கு ஆகும். விசிலை மட்டும் வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கடை வாசலில் விசில் ஊதித் திருடனைப் பிடித்ததாக நான் பார்த்ததில்லை. விசில் சத்தம் கேட்டால் திருடாதவர்கள் எல்லோரும் பதறித் திரும்பிப் பார்ப்பார்கள். திருடினவன் மட்டும் திரும்பாமல் போய் ஆட்டோ பிடித்துவிடுவான்.

நான் திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையின் வெளிவாசலில் நின்றே தலை நரைத்தவள். பட்டுச் சேலையிலிருந்து பாத்திரம் பண்டம் வரை எல்லாம் ஒரே கட்டடத்தில் விற்கிற கடை. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் பழைய முதலாளிக்கு ரத்த அழுத்தம் ஏறும். வெளியே போகிற பெண்களிடம் பில்லை வாங்கி, கடைப் பையில் இருக்கும் சாமானோடு ஒத்துப் பார்த்து, பில்லில் ஓட்டை குத்திக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்று வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த பிறகும், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். இரண்டு வார்த்தைதான் என்றால், "கேளுங்கள், பிடுங்காதீர்கள்". வேலை முடிந்தது. ஆனால் இப்படிச் சொல்லிவிட்டு நான் எழுந்து போனால் நீங்கள் நாளைக்கே யார் பையிலாவது கையை விடுவீர்கள். ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு எதிரே, ஆண்கள் வரிசையில் நின்றவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நல்ல மனுஷர், எனக்கு நிறைய நாள் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்குக் கடை வாசலும் நாட்டு எல்லையும் ஒன்றுதான். ஒரு நாள் காலையில் மொட்டை போட்ட ஒருவர், புது வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தோளில் சொந்தப் பை. பட்டாளத்துக்காரர் அந்தப் பைக்குள் கையை விட்டு, வாயில் துணி கட்டிய சின்ன மண் கலயம் ஒன்றை எடுத்தார்.

"அதத் தொடாதீய அண்ணாச்சி. அது வேண்டாம்" என்றார் மொட்டைக்காரர்.

தொடாதே என்று சொன்னால் பட்டாளம் விடுமா? துணியை அவிழ்த்தார். உள்ளே விரலை விட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"என்ன பொடிவே இது?"

"எங்க அப்பா."

பட்டாளத்துக்காரர் விரலை மூக்கருகிலிருந்து மெல்ல எடுத்தார். மொட்டைக்காரர் பாபநாசத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால், அஸ்தியை ஆற்றில் கரைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளப் புது வேட்டி வாங்க வந்திருக்கிறார். அவர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. கலயத்தை வாங்கித் துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்: "உள்ள வரும்போதே பைய டோக்கன் போட்டு வச்சிட்டுப் போகச் சொன்னாக. எங்க அப்பாவுக்கு நம்பர் போட்டு அலமாரில வச்சிட்டு நான் வேட்டி எடுக்கணுமாவே?"

பட்டாளத்துக்காரர் மறுநாள் விடிந்ததும் ஆற்றில் போய் முங்கிவிட்டுத்தான் வேலைக்கு வந்தார். அதற்கப்புறம் நெடுநாளைக்கு யாராவது பையை நீட்டினால்கூட அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யோசியுங்கள். ஒருவருடைய பையைத் திறப்பது அவர் வீட்டு அடுக்களை வரை செருப்போடு போவதற்குச் சமம். நம் மனதில் இருப்பதெல்லாம் ஒரே கேள்வி, உள்ளே கடைச் சாமான் இருக்கிறதா இல்லையா. அவர்கள் பைக்குள் இருப்பதோ மாத்திரை, பல்செட், மகனுடைய ஜாதகம், கட்டின கணவனுக்குக்கூடக் காட்டாத காகிதங்கள். சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருத்தர் கைப்பையை நான் கேட்டதும் தானாகவே திறந்து காட்டினார். உள்ளே வாழை இலையில் மடித்த அல்வா. அவருக்குப் பின்னாலேயே மகள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தத் தாயும் மகளும் போட்ட சண்டையில் வாசல் வரிசை மாடிப்படி வரை நின்றது.

எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தது கடைக்காரர்கள் இல்லை. அவர்கள் சொல்லிக் கொடுத்தது, "எல்லாப் பையையும் பார். சிரித்துக்கொண்டே பார்." சட்டத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு வாடிக்கையாளர். வக்கீல் அம்மா. எந்த நேரமும் கறுப்புக் கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, யாரோடாவது சண்டை கிடைக்காதா என்கிற மாதிரி நடந்து வருவார். முதல் நாளே எனக்கு வாய்த்தார்.

"பையக் காட்டுங்கம்மா" என்றேன்.

"காட்டமாட்டேன்."

"கடை விதிம்மா. அங்கன போர்டு எழுதிப் போட்டிருக்கு பாருங்க."

"போர்டுல என்ன வேணும்னாலும் எழுதலாம். எங்க வீட்டு வாசல்ல, இந்தத் தெருவுல போறவுக எல்லாம் எனக்கு ஒரு தேங்கா குடுத்துட்டுத்தான் போகணும்னு நான் எழுதிப் போடுதேன். நீ குடுப்பியா?"

அவர் கோட்டை மேசைமேல் போட்டார். வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ஒங்க கடைப் பையப் பாரு, பில்லோட ஒத்துப் பாரு. அது ஒன் வேல, நான் கொற சொல்லமாட்டேன். இது என் சொந்தப் பை. இதக் காட்டுங்கன்னு நீ கேக்கலாம், கேக்க ஒனக்கு வாய் இருக்கு. மாட்டேன்னு சொல்ல எனக்கும் வாய் இருக்கு. நான் சரின்னு சொன்னா பாரு. மாட்டேன்னா அதோட விட்டுரணும். கையப் போட்டுப் பிடுங்கினாலும் குத்தம், வழிய மறிச்சு நிறுத்தினாலும் குத்தம். நான் திருடுனத நீ கண்ணால பாத்தியா? பாத்தேன்னா போலீசக் கூப்பிடு. பாக்கலன்னா பில்லக் குத்திக் குடு, எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவர் வரும்போதெல்லாம் எங்களுக்குள் அது ஒரு சடங்காகிவிட்டது. "காட்டுதீயளாம்மா?" என்பேன். "மாட்டேன்" என்பார். "சரி, போயிட்டு வாங்க" என்பேன். ஒருமுறை அவர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டார். நான் பதறிப்போய், "ஒடம்புக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்கு நல்ல காய்ச்சல்.

இனி, உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஓர் ஆடித் தள்ளுபடி நேரம்.

ஆடியில் நம் ஊர்க் கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நுழைவாசலில் பை வைக்கிற அலமாரியெல்லாம் நிரம்பி வழியும். சின்னப் பை என்றால் திணித்துவிடலாம். குடை, பாய், விளக்குமாறு மாதிரி நீளச் சாமான்களை என்ன செய்வது? அதற்கு எங்கள் மேனேஜர் ஓர் ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார். பாய் என்றால் சுருட்டின இரண்டு முனைகளிலும் கடையின் மஞ்சள் டேப்பை ஒட்டி, ஆளோடு உள்ளே அனுப்பிவிடுவது. வெளியே போகும்போது டேப் அப்படியே இருந்தால் போகலாம். கிழிந்திருந்தால் உள்ளே எதையோ சொருகிவிட்டார்கள் என்று அர்த்தம், பாயை விரித்துப் பார்க்க வேண்டும். மேனேஜர் கெட்டவர் இல்லை. கையில் வாக்கிடாக்கி இருக்கும்போது மட்டும் கொஞ்சம் வேறு ஆளாகிவிடுவார். ஆடி மாதம் முழுக்க அது கையில்தான் இருக்கும்.

அன்று மத்தியானம் ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். படித்து வேலைக்குப் போகிற பிள்ளை என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு கையில் கடைப் பை, அதில் ஒரே ஒரு பட்டுச் சேலை, பில் சரியாக இருந்தது. இன்னொரு கையில், செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டின ஒரு பாய்ச் சுருள். அதன் ஒரு முனையில் மஞ்சள் டேப் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"பாயக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுதியா தாயி?" என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா" என்றாள்.

வக்கீல் அம்மா சட்டப்படி, கேட்டாயிற்று, மாட்டேன் என்றாயிற்று, நான் விட்டிருப்பேன். என் கெட்ட நேரம், மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். அந்த வாரம் சேலை காணாமல் போகிறது என்று முதலாளி அவரை வறுத்தெடுத்திருந்தார்.

"டேப்பு கிழிஞ்சிருக்குல்லா. விரிக்காம விடக்கூடாது" என்றார். அவளைப் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்லன்னா விரிக்கதுக்கு என்னம்மா பயம்?" என்றார்.

இந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் உங்கள் வாழ்நாளில் யாரிடமும் கேட்காதீர்கள். நம் தொழிலிலேயே அடிமுட்டாள்தனமான கேள்வி இதுதான். திருடினவர்களுக்கு மட்டும்தான் பயம் இருக்கும் என்று யார் சொன்னது? திருடுகிறவள் பயப்படுவதைவிட இந்தப் பெண் நூறு மடங்கு பயந்து நின்றாள். அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாடிப்படியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திருடினவள் வாசலைப் பார்ப்பாள். இவள் பார்வை உள்பக்கம் போவது எனக்கு இடித்தது.

"நான் கேக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு, பெண்களைத் தனியாகப் பார்ப்பதற்கென்று பக்கத்தில் இருந்த திரை மறைப்புக்குள் அவளைக் கூட்டிப்போனேன்.

"சொல்லு தாயி. எடுத்துட்டியா?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல." பாயை இறுக்கிக்கொண்டாள். "இது பத்தமடையில சொல்லி நெய்ய வச்சு வாங்குனது. கல்யாணப் பாய். உள்ள பேரு போட்டிருக்கு."

பத்தமடையில் கல்யாணத்துக்கென்று சொன்னால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சேர்த்து நெய்து கொடுப்பார்கள். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தவள், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ஒன் பேரா?"

தலையை ஆட்டினாள்.

"வீட்டுக்குத் தெரியாதா?"

"அவுக வேற சாதிக்கா. அடுத்த வாரம் ரெஜிஸ்டர் ஆபீசுல. எங்க பெரியப்பா இங்கன மேல பட்டு செக்‌ஷன்ல சேல பாத்துட்டு நிக்காவ. நான் பாத்துட்டேன், அவுக என்னப் பாக்கல. லிப்டுக்குள்ள விழுந்தடிச்சு ஓடி வந்தேன், அதுலதான் டேப்பு கிழிஞ்சிட்டு. விரிச்சிய, நான் செத்தேன்க்கா."

சும்மா சொல்கிற வார்த்தை இல்லை அது. நம் பக்கத்தில் இந்த மாதிரிக் கல்யாணம் முன்கூட்டியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதத் தூக்கிட்டு ஏம்ட்டி ஜவுளிக்கடைக்கு வந்த?"

"கல்யாணத்துக்குச் சேல வேணும்லாக்கா."

நியாயமான பதில்தான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. சணலை அவிழ்க்கவும் இல்லை. பாயை மேலிருந்து கீழ்வரை கையால் அழுத்திப் பார்த்தேன். பத்தமடைப் பாய் துணி மாதிரி மெல்லிசு. உள்ளே பட்டுச் சேலை இருந்தால் கைக்குப் புடைப்புத் தட்டும். ஒன்றும் தட்டவில்லை. மறுமுனையில் இருந்த டேப்பையும் நானே கிழித்துவிட்டுச் சுருளின் நடுவில் கண்ணை வைத்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. எனக்கு அது போதும்.

வெளியே வந்து மேனேஜரிடம் நீட்டினேன். "ஒண்ணும் இல்ல சார். தடவிப் பாத்துட்டேன். நீங்களும் ஒரு கண்ண வச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரியுதா?"

மேனேஜர் பாயை உயர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தெரியுது" என்றார். பிறகு கொஞ்சம் குழம்பி, "ஒரு மீச தெரியுது" என்றார்.

பாயின் மறுமுனைக்கு நேராக வந்து நின்றிருந்தது அந்தப் பெண்ணின் பெரியப்பா.

"ஏட்டி, நீ இங்கன என்ன செய்யுத?" என்றார் அவளிடம். மேனேஜர், கடவுள் அவருக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பாய்க்குள்ள சேல கீல இருக்கான்னு சின்ன சந்தேகம். இப்பத் தீந்துட்டு."

"சந்தேகமா? எங்க வீட்டுப் பிள்ள மேலயா?" பெரியப்பாவின் குரல் பாத்திர மாடிவரை கேட்டிருக்கும். "யாரு பாய்ட்டி இது?"

"கூட வேல பாக்க பிள்ளைக்குக் கல்யாணம் பெரியப்பா. அவளுக்கு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி, விரி. இந்தா, இத்தன சனமும் பாக்கட்டும். உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியட்டும். அதுக்குப் பெறகு இந்தக் கடக்காரனுக்கு இருக்கு."

கூத்தைப் பாருங்கள். கடை வேண்டாம் என்று விட்டுவிட்டது, இப்போது விரிக்கச் சொல்வது அவள் சொந்தப் பெரியப்பா. அதுவும் அவள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக! மேனேஜர், "நான்தான் போதும்னு சொல்லுதேன்லா" என்று கெஞ்சினார்.

"நீ போதும்னா போதுமா? நடு வாசல்ல வச்சுச் சந்தேகப்பட்டிய. நடு வாசல்லதான் தீரணும்."

எனக்கு வக்கீல் அம்மா நினைவுக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அண்ணாச்சி, அது அந்தப் பிள்ளையோட சாமான். அவ சம்மதிக்காம நாங்களும் பிரிக்கக் கூடாது, வேற யாரும் பிரிக்கக் கூடாது. அதான் சட்டம்."

"சட்டத்தக் கொண்டுபோயி ஆத்துல போடு. நான் பெரியப்பன்" என்று சொல்லி, மேனேஜர் கையிலிருந்த பாயை வாங்கினார். சணல் முடிச்சில் விரலை வைத்தார்.

அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, கைய எடுங்க!" என்று கத்தினேன். நான் போட்ட கத்தலில் அவர் விரல் நின்றுவிட்டது. "கல்யாணப் பாயில்லா அது! பொண்ணு மாப்பிள்ள உக்காருததுக்கு முன்னால வேத்து ஆள் விரிக்கலாமா? ஆகாதுல்லா?"

இப்படி ஒரு சாஸ்திரம் இருப்பதாக நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதென்ன புதுப் பழக்கம் என்று ஒரு ஆள் கேட்டால் தீர்ந்தது கதை.

வரிசையில் குத்துவிளக்கோடு நின்ற ஒரு அம்மா தலையை அசைத்தார். "ஆமா. ஆகாது" என்றார், பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரி.

அவருக்குப் பின்னால் நின்றவள் விடவில்லை. "எங்க ஊர்ல ஒருத்தி ஆசப்பட்டு விரிச்சுப் பாத்தா. மாப்பிள்ள முகூர்த்தத்தன்னைக்கு ஓடிட்டான்."

"அது மட்டுமா?" என்றது மூன்றாவது குரல். "விரிச்ச ஆளு வீட்டுலதான் அது வந்து நிக்கும். அவுக வீட்டுல கல்யாண வயசுல ஒரு பிள்ள இருந்தா, அந்தப் பேச்சே தட்டிப்போயிரும்."

நான் ஒரு பொய் சொன்னேன். வரிசையில் நின்ற பெண்கள் அதற்குக் கூரை போட்டு, வெள்ளை அடித்து, பால் காய்ச்சிக் குடியேறியும் விட்டார்கள்.

மாடிப்படியிலிருந்து பெரியப்பாவின் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தார். கடைசிக் குரல் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. கையில் சேலைப் பை. அவர்கள் கடைக்கு வந்ததே தங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தச் சேலை எடுக்கத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"ஏங்க!" என்று ஒரே ஒரு சத்தம்தான் அந்த அம்மா போட்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? கீழ வைங்க அத!"

சட்டத்தை ஆற்றில் போடச் சொன்ன மனுஷர் பாயை என் மேசைமேல் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மேனேஜருக்கும் அன்று ஒரு நல்ல காரியம் செய்யத் தோன்றியது. "அண்ணாச்சி, மதினி, ரெண்டு பேரும் ரூமுக்கு வாங்க. ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம். தப்பு எங்க மேலதான்" என்று அவர்களை உள்ளே அழைத்துப்போனார். நான் அந்தப் பெண்ணின் பில்லை எடுத்து ஓட்டை குத்தினேன். அவசரத்தில் ஓட்டை கடைப் பெயரின் மேலேயே விழுந்தது.

"மெல்லப் போகாத, வெரசாப் போ" என்றேன். போய்விட்டாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கடை அடைக்கிற நேரத்தில் பட்டு செக்‌ஷனில் ஒரு சேலை குறைகிறது என்றார்கள். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் பாய்க்குள்ளதான் போயிருக்கு. கல்யாணப் பாய், ஆகாது, தோஷம்! என்ன நாடகம்! நாளைக்குள்ள சேல வரல, நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

பயந்துபோனேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அந்தப் பெண் என்னை ஏமாற்றிவிட்டாளோ என்ற பயம் மீதி. இதில் எனக்கு அதிகம் வலித்தது இரண்டாவதுதான். என் முந்தானையைப் பிடித்த கை பொய்யா? நானே பொய் சொன்னவள், இன்னொருத்தி பொய் சொல்லியிருக்க மாட்டாள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் பாயை அழுத்திப் பார்த்தது என் கை. பட்டு எப்படித் தட்டும் என்று என் கைக்குத் தெரியும். உள்ளே சேலை இல்லை.

மறுநாள் காலையில், வெளிவாசல் பக்கம் நிற்கிற பொம்மைக்குத் தூசி தட்ட வந்த பிள்ளை, "அக்கா, இந்தப் பொம்மைக்குப் புதுச் சேல எப்பம் கட்டுனாக?" என்று கேட்டாள். அலங்காரம் செய்கிறவர்கள் முந்தின நாள் மத்தியானமே யாரிடமும் சொல்லாமல் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். காணாமல் போன பட்டு என் தோளை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அந்தப் பொம்மையின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. மேனேஜர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அன்று மத்தியானம் என் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் வந்தது. அதுவரை வாசலில் எங்களுக்கு உட்கார எதுவும் கிடையாது. மஞ்சள் டேப் ஒட்டுகிற ஏற்பாடும் சத்தமில்லாமல் நின்றுபோனது.

வக்கீல் அம்மாவிடம், பெண் யார் என்ன என்று சொல்லாமல், இந்தக் கதையைச் சொன்னேன். நான் சொன்ன சட்டம் பலிக்கவில்லை, பொய்தான் பலித்தது என்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "சட்டம் பலிக்கலன்னு யாரு சொன்னா? மொதல்ல நீ கேட்ட, பிடுங்கல. ஒடனே பிடுங்கி விரிச்சிருந்தீன்னா, பெரியப்பன் வரும்போது பாயில எழுதுன ரெண்டு பேரும் தரையில விரிஞ்சு கெடந்திருக்கும்" என்றார். அதுதான் சரி. நாம் கேட்டுவிட்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அடுத்தவர் பிழைத்துக்கொள்ள வழி கிடைக்கிறது. அதற்காக நீங்கள் தினம் ஒரு சாஸ்திரம் கண்டுபிடிக்காதீர்கள். அதுவும் ஆபத்துதான். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வாங்கின பாயை ஆசையாக விரிக்கப்போனேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "விரிச்சிராதீய, ஆகாது! பெரிய கடையில ஒரு ஆளு விரிக்கப்போயி என்ன பாடுபட்டாருன்னு தெரியும்லா?"

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம், வரிசையில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை, அன்றைக்கு அவள் சிரிக்கவில்லையே. பக்கத்தில் ஒருவன், கை நிறையக் கடைப் பைகளோடு.

"என்னத் தெரியுதாக்கா? பாய்" என்றாள்.

"நல்லாருக்கியா தாயி?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாருக்கேன்க்கா. வீட்டுல இன்னும் பேசல. நாங்க இப்பம் வெளியூர்லதான். ஒங்களப் பாக்கணும்னே வந்தேன்." நான் கேட்காமலே தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "பாருங்கக்கா. இப்பம் எதையும் காட்டுவேன்." பிறகு அவனைக் கொஞ்சம் முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இவுகதான். இவுக பேரு..."

அவளுக்குப் பின்னால் வரிசையில் எத்தனையோ முகங்கள். யார் யாருக்குப் பெரியப்பா என்று நான் கண்டேனா? அவள் கைப்பையின் ஜிப்பை நானே இழுத்து மூடினேன்.

"பேரெல்லாம் எனக்கு எதுக்கு தாயி?" என்றேன். "பில்லக் குடு."